'ஆம்பளைங்க கூடன்னா அதுவும் கணக்கா சார்?'

2009 வாக்கில் சென்னையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்து ஆய்வுக்காகத் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். அடுத்த மாதம் கல்யாணம். "வேறு பெண்களிடம் போனதுண்டா?" என்ற படிவக் கேள்விக்கு "இல்லை சார்" என்றார். டிக் அடித்துவிட்டேன். கதவு வரை போனவர் திரும்பி வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, தலைப்பில் உள்ளதைக் கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வுப் பேச்சில் பெரும்பகுதி பெண்களைச் சுற்றியே இருந்தது. 'அப்படியானால் ஆண்களோடு பயமில்லை' என்று அவர் கணக்குப் போட்டதில் என்ன ஆச்சரியம்? உண்மை நேர்மாறு. ஆசனவாயின் உட்புறச் சவ்வு மிக மெல்லியது, சட்டென்று கீறல் விழும். அதனால் ஆணுறை இல்லாத ஆசனவழி உறவில், ஏற்றுக்கொள்பவருக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

"காண்டம் போட்டுப்பேன் சார்" என்றார். சரி, வழுவழுப்புக்கு? "தேங்காய் எண்ணெய்."

இந்தப் பதிலை அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் நொய்ந்து கிழிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் யாரோடு உறவு என்று கேட்டால்தானே அந்தப் பேச்சே வரும்!

மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் ப்ரெப் மாத்திரை தொற்றைக் குறைக்கிறது என்று ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடந்த ஆய்வு 2010-லேயே காட்டியது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். தொற்று உள்ளவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் வழியே துணைக்குத் தொற்றாது. 2019-ல் வெளியான, சுமார் 780 ஆண் ஜோடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் அப்படி ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் தெளிவதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்திய பிறகு வாய்திறந்து பேசுபவர்கள் கூடியிருக்கிறார்கள். கல்யாணமான, வீட்டில் எதுவும் சொல்ல முடியாத ஆண்கள் மட்டும் இன்னும் கதவருகே வந்து தயங்குகிறார்கள். உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதனை செய்யவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. தைரியமாகச் சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி காண்டம் கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ (எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் இடம்) அரசு மருத்துவமனைக்கோ போய், உறவுக்குப் பின் தொற்றைத் தடுக்கச் சாப்பிடும் 'பெப்' மாத்திரை கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.