தீ தன் தடத்தைத் தானே தின்னும் விதம்

2003 ஏப்ரல் 13, அதிகாலை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அருகே மாணவர்கள் குடியிருந்த ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து மாணவர்கள் மாண்டார்கள். யாரோ வைத்த தீ என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஐந்து உயிர்களைப் பறித்த குற்றத்தில் ஒரு கைகூட அடையாளம் காணப்படாமல் போவது எப்படி என்று மனம் கேட்கிறது. அதற்கான விடையில் பாதி, தீ எரியும் விதத்திலேயே இருக்கிறது.

ஒரு சோபாவின் மூலையில் தீ பற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மெத்தைகளுக்குள் இருப்பது பாலியூரித்தேன் நுரை. அது உருகி, வழிந்து, கரும்புகை கக்கி எரியும். அந்தச் சூடான புகை மேலே போய்க் கூரையடியில் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அதன் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அடுப்புக்கு மேல் தணல் வைத்ததுபோல அறை முழுவதையும் மேலிருந்து வாட்டத் தொடங்குகிறது. தீ நாக்கு இன்னும் எட்டாத மேசையும் கம்பளமும் புத்தகங்களும் தாமாகவே புகைகின்றன. பிறகு சில நொடிகளில் எல்லாம் ஒருசேரப் பற்றிக்கொள்கின்றன. இதைத்தான் ‘ஃபிளாஷ் ஓவர்’ என்கிறார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது.

யூ.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. பஞ்சும் மரமுமாகப் பழைய பாணிச் சாமான்கள் நிறைந்த அறை இந்த நிலைக்கு வர 29 நிமிடங்களுக்கு மேல் ஆயின. நுரை மெத்தை, செயற்கை இழைச் சாமான்கள் கொண்ட அறைக்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை, தூங்குகிறவர் விழிக்கும் முன்பே அவரை மயக்கிவிடும்.

விசாரணைக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஃபிளாஷ் ஓவருக்குப் பிறகு தரையும் எரியும். எரிந்த திட்டுகள், திரவத்தை ஊற்றிப் பற்றவைத்த கோலம்போலவே தெரியும். பல ஆண்டுகள் அந்தத் திட்டுகளே தீவைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. 1990-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு வீடு எரிந்து ஆறு பேர் இறந்தபோது, குடும்பத் தலைவர் மீது பழி விழுந்தது. பக்கத்திலேயே அதே அமைப்பில் இருந்த வீட்டை நிபுணர்கள் சாமான்களால் நிரப்பி, சோபாவுக்கு மட்டும் தீ வைத்தார்கள். ஐந்து நிமிடங்களுக்குள் அறை முழுதும் பற்றியது. பெட்ரோல் ஒரு சொட்டும் ஊற்றாமலே, ஊற்றியதுபோன்ற தடங்கள் தரையில் விழுந்தன. வழக்கு கைவிடப்பட்டது. நான் அறிந்த அறிவியல் சோதனைகளில் இவ்வளவு நேரடியாக ஒரு மனிதரைக் காப்பாற்றியது வேறில்லை.

2005-இல் லாஸ் வேகாசில் 53 விசாரணையாளர்களுக்கு, ஃபிளாஷ் ஓவருக்குப் பின் இரண்டே நிமிடம் எரியவிட்ட ஓர் அறையைக் காட்டித் தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் மூவர்.

ஆகவே கண்ணை விட ஆய்வகத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. தரைப் பலகைகளின் இடுக்கிலும் கம்பளத்தின் அடியிலும் தப்பிப் பதுங்கிய திரவத்தை மோப்ப நாய்கள் காட்டிக்கொடுக்கும். அந்தத் துண்டைப் பெயின்ட் டப்பா போன்ற ஒரு தகர டப்பாவில் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். ஆய்வகத்தில் டப்பாவைச் சூடாக்கும்போது எழும் ஆவியைக் கரிப்பட்டை ஒன்று உறிஞ்சிக்கொள்ளும். அதில் சேர்ந்ததைக் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி கூறு கூறாகப் பிரித்துக் காட்டும். இங்கும் கவனம் தேவை: எரிந்த கம்பளமே டொலுயீன் போன்ற சேர்மங்களை வெளியிடும், அவை பெட்ரோலிலும் உண்டு. ஒன்றிரண்டு சேர்மங்கள் போதாது. அவற்றின் விகிதம் முழுவதும் பொருந்த வேண்டும்.

பொருந்தினாலும் தெரிவது திரவம் என்ன என்பது மட்டுமே. பெட்ரோல் எங்கும் கிடைக்கிறது. அதை ஊற்றிய கை எதுவென்று கருவி சொல்லாது. எரிந்து, பிறகு தீயணைப்பு நீரில் அலசப்பட்ட இடத்தில் கைரேகையோ மரபணுத் தடயமோ தப்புவது அபூர்வம். அதன்பின் எஞ்சுவது மனிதர்களின் நினைவு: அந்த இரவில் தெருவில் யாரைப் பார்த்தார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள். ஒஹையோ சட்டத்தில் கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. அந்த அதிகாலையைப் பற்றித் தெரிந்த ஒருவர் இன்று வாய் திறந்தாலும், அந்த ஐந்து பேருக்காக வழக்குத் தொடுக்கலாம்.