ஸ்கங்க் நாற்றத்துக்குத் தக்காளிச் சாறு ஏன் உதவாது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய் வளர்ப்பவர்கள் ரொம்பவே பயப்படுவது ஸ்கங்குக்குத்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, பூனை அளவு விலங்கு. முதலில் முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும்; நாய் அதைக் கண்டுகொள்ளாமல் மூக்கை நீட்டிக்கொண்டு போனால், வாலுக்கு அடியிலுள்ள 2 சுரப்பிகளிலிருந்து மஞ்சள் எண்ணெயைப் பீய்ச்சிவிடும். 3 மீட்டர் தள்ளி நின்றாலும் தப்ப முடியாது.

நாற்றத்துக்குக் காரணம் தயோல்கள், அதாவது கந்தக அணுவோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் சேர்மங்கள். சமையல் காஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் கலக்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். எண்ணெயில் தயோஅசிடேட்டுகளும் உண்டு. இவை தண்ணீர் பட்டால் மெதுவாக உடைந்து தயோலாக மாறும். குளிப்பாட்டிய நாய் சில நாள் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாறுவது இதனால்தான்.

பலரும் நம்பும் தக்காளிச் சாறு தயோலை ஒன்றும் செய்யாது. ஸ்கங்க் வாடைக்கு மூக்கு மரத்துப்போயிருக்கும் நேரத்தில் தக்காளி வாசனைதான் தெரிகிறது, நாற்றம் போய்விட்டதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டும் அடிக்கும்!

மூலக்கூறையே மாற்றினால்தான் தீர்வு. பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலாளரின் கலவை 1993-இல் வெளியானது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 1 லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 1 அல்லது 2 டீஸ்பூன். சோப்பு எண்ணெயைக் கரைக்கிறது. சோடாவின் காரத்தன்மை தயோஅசிடேட்டை உடைத்து, தயோலையும் வினைக்குத் தயாராக்குகிறது. பெராக்சைடு தரும் ஆக்சிஜன் கந்தகத்தோடு சேர, நாற்றமே இல்லாத, நீரில் கரையும் பொருளாகிவிடுகிறது.

முதலில் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், எண்ணெய் பரவும். கலவையைக் காய்ந்த முடியிலேயே தேய்த்து, 5 நிமிடம் விட்டு, அப்புறம் நன்றாக அலசுங்கள். கண்ணில் படவே கூடாது. ஸ்கங்க் எண்ணெய் கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். கறுப்பு முடி கொஞ்சம் வெளுக்கலாம். மீதிக் கலவையை மூடி வைக்கவே வைக்காதீர்கள், ஆக்சிஜன் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். அபூர்வமாக இந்த எண்ணெய் சிவப்பணுக்களைச் சிதைப்பதும் உண்டு, அதனால் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்துத் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.