எழுதும் கைக்குத் துணிவு எங்கிருந்து வருகிறது?

மொரீசியஸில் தமிழாசிரியராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வரும் எனக்கு, எழுத வராத மாணவர்களைவிட, நன்றாக எழுதக்கூடிய திறன் இருந்தும் அதை நம்ப மறுக்கும் மாணவர்களே மிகுந்த கவலையைத் தருகிறார்கள். எழுத வராதவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். தன்னால் முடியாது என்று முடிவு செய்துவிட்டவரோ பயிற்சியையே தவிர்த்துக்கொண்டு போவார். அவர்களை அடையாளம் காண்பது கடினமன்று. கட்டுரையை நீட்டும் முன்பே "தமிழ் சரியாக இருக்காது, டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள்; குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதிவிட்டு அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவார்கள்; ஒரு போட்டியில் பரிசு கிடைக்காமல் போனால் ஓராண்டு முழுவதும் பேனாவைத் தொடமாட்டார்கள். பெற்றோர் இதைக் கூச்சம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால், பதினைந்து பதினாறு வயதுக்குள் அந்தத் திறன் தேர்வு விடைத்தாளோடு முடிந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நம் தீவின் மொழிச்சூழல் ஒரு பெரிய காரணம். பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியைப் பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் வாசிக்கிறார்கள், பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழை அவர்கள் சந்திப்பது கோவிலிலும் தமிழ் வகுப்பிலுமே. கோவிலில் பாடும் பாடல்களைக்கூடப் பலர் ரோமன் எழுத்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருப்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழின் இடம் மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் பெரியவர்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. ஆயினும் வணங்கவும் தேர்வில் தேறவும் உரிய மொழியாக மட்டுமே தமிழை அறிந்த பிள்ளைக்கு, தன் கோபத்தையும் ஆசையையும் அதில் எழுதலாம் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. மதிப்பு மிகுந்த மொழியில் பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சம் முந்திக்கொள்கிறது.

இதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. மார்கழி மாதத்தைப் பற்றி எழுதச் சொன்னால், எங்கள் மாணவர்கள் பனி படர்ந்த விடியலையும் குளிரில் நடுங்கியபடி கோலமிடும் பெண்களையும் எழுதுகிறார்கள். நம் ஊரில் மார்கழி என்றால் கடும் கோடை. சாலையோரம் செந்நிறத்தில் பூத்து நிற்கும் ஃபிளம்போயான் மரங்கள், கொத்துக் கொத்தாய் விற்கும் லிச்சிப் பழங்கள், கடற்கரையில் ஃபிலாவோ என்னும் சவுக்கு மர நிழலில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். குளிர் வருவது ஆனியிலும் ஆடியிலும், கரும்பு பூத்து வயல்கள் வெள்ளி நிறமாய் அசையும் நாள்களில். மாணவர்களும் இதைத் தினமும் கண்ணால் காண்கிறார்கள். கண்டும் எழுதாமல், தமிழ்நாட்டுக் கட்டுரைப் புத்தகத்தில் உள்ள மார்கழியையே படி எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "தமிழில் அப்படித்தானே எழுத வேண்டும்?" என்பார்கள். தன் ஊரும் தன் வீடும் தமிழில் எழுதத் தகுந்தவை என்று நம்பாதவருக்குத் தன் எழுத்தின்மீது மட்டும் எப்படி நம்பிக்கை வரும்? எழுத்தாளருக்கு வேண்டிய தன்னம்பிக்கை முதலில் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே நான் "மழைக்காலம்" என்று தலைப்புக் கொடுப்பதை விட்டுவிட்டு, மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வானொலியில் ஒலித்த இரவில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொல்கிறேன். 1960-இல் வீசிய கரோல் புயலில் தன் பாட்டியின் தகரக் கூரை பறந்ததையும், அயலார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள் அனைவரும் இரவைக் கழித்ததையும் ஒரு மாணவி எழுதினாள். ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் அந்தக் கட்டிலடியில் நானும் இருந்ததைப் போல உணர்ந்தேன். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

அவளுக்கு நான் சொன்ன பாராட்டைவிட, முழுமையான ஒரு பக்கத்தைத் தானே எழுதி முடித்தது அதிகப் பலம் தந்திருக்கும். உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் வெளியிட்ட தம் கோட்பாட்டில், ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்று விளக்கினார். தானே செய்து வெற்றி காண்பது அவற்றுள் மிக வலியது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை ஆகியவை மற்றவை. நாம் பெரும்பாலும் மூன்றாவதையே செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும், அவர் முடிக்கக்கூடிய அளவில் சிறிய வேலை ஒன்றைக் கொடுத்து அதை முடிக்க விடுவதே மேல். நம்பிக்கை வந்தபின் எழுதலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அது வருவதே இல்லை. பத்து வரி எழுதி முடித்தவருக்குப் பதினோராவது வரிக்கான துணிவு தானே வந்து சேர்கிறது.

இந்த இடத்தில் சிவப்பு மையைப் பற்றி ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். மாணவரின் கட்டுரையை முதல் முறை வாசிக்கும்போது பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். என்ன சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் வாசித்து, அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ல, ள, ழ என்றால் அது மட்டும், அடுத்த வாரம் சந்தி. இலக்கணத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிழையற்ற தமிழ் வேண்டும் என்பதில் யாருக்கும் நான் குறைந்தவள் அல்லள். பக்கம் முழுவதும் சிவந்து திரும்பி வந்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை தனக்குப் பிழையின்றித் தெரிந்த வாக்கியங்களை மட்டுமே எழுதும், சொல்ல விரும்பியதை எழுதாது என்பதை அனுபவத்தில் அறிந்திருக்கிறேன்.

இறைநம்பிக்கைக்கு இதில் என்ன இடம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. மிகப் பெரிய இடம் உண்டு என்று நான் மனமார நம்புகிறேன். தைப்பூசத்துக்குக் கொடியேறியதும் பத்து நாள் விரதம் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்குக் காவடி சுமந்து ஏறுபவர்களுள், வகுப்பில் பத்து நிமிடம் அமைதியாக உட்கார முடியாத மாணவர்களும் இருக்கிறார்கள். மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்த நாள்களில் அவர்கள் உணவிலும் சொல்லிலும் கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள். அதே பத்து நாளும் மாலை வழிபாடு முடிந்ததும் அரைப் பக்கம் எழுதும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளக்கின் முன் அமைதியடைந்த மனத்தில் அச்சம் குறைந்திருக்கிறது. பண்டுரா நான்காவதாகச் சொன்ன உடல், மன நிலையும் அதுதான். இன்னொரு பயனும் உண்டு. எழுத்தை இறைவனுக்குரிய காணிக்கையாக எண்ணுபவர், எத்தனை பேர் பாராட்டுவார்கள் என்ற கணக்கிலிருந்து ஓரளவு விடுபடுகிறார். என் வகுப்பில் மாதாவை வணங்கும் கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தம் செபத்துக்குப் பின் எழுதுகிறார்கள், பலன் ஒன்றாகவே இருக்கிறது.

ஆனால் வரம் என்ற சொல்லைக் கவனத்தோடு கையாள வேண்டும். ஐந்து வயது வரை பேசாதிருந்த புலவர் குமரகுருபரர் திருச்செந்தூரில் முருகன் அருளால் பாடத் தொடங்கினார் என்ற வரலாற்றைச் சொல்லி, "அவருக்குக் கொடுத்தது போல உனக்குக் கொடுக்கவில்லை" என்று ஒரு தாய் தன் மகனிடம் கூறியதைக் கேட்டு வருந்தினேன். அருள் பெற்றபின் அவர் சும்மா இருந்துவிடவில்லையே! 17-ஆம் நூற்றாண்டில் தம் ஊரான திருவைகுண்டத்திலிருந்து தருமபுரம் மடத்துக்குச் சென்று குருவை அடைந்தார், காசிவரை பயணம் செய்தார், அங்கே மடம் நிறுவுவதற்கு அந்நாட்டு மொழி தேவைப்பட்டபோது கலைமகளை வேண்டி அதையும் கைவரப் பெற்றார் என்றே மரபு கூறுகிறது. வேண்டுதலும் உழைப்பும் அவர் வாழ்வில் சேர்ந்தே நடந்தன. சரசுவதி பூசையன்று பாடப்புத்தகங்களோடு பிள்ளை தானே எழுதிய குறிப்பேட்டையும் வைக்கச் சொல்லுங்கள். விசயதசமியன்று அதை எடுத்து முதல் வரியை எழுதட்டும்.

பிள்ளைகளின் எழுத்தை வாசிக்கும் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். வாழவே பிடிக்கவில்லை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற கருத்து ஒரு பிள்ளையின் எழுத்தில் மீண்டும் மீண்டும் வந்தால், அதைக் கவிதை நயமாக எண்ணிப் பாராட்டிவிட்டு நகரக்கூடாது. தனியே அழைத்து அமைதியாகக் கேளுங்கள். உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். பூசையும் எழுத்தும் துணை நிற்கும், மருத்துவத்தின் இடத்தை அவை எடுத்துக்கொள்ளா.

இறுதியாக, தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர்களுக்கு. உங்களால் உதவ முடியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதன் பொருளைக் கிரியோலில் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மதிப்பெண் என்று கேட்க வேண்டாம். அந்தப் புயல் இரவில் பாட்டி வேறென்ன செய்தார், கதையில் வந்த நாய்க்குட்டி பிறகு என்ன ஆயிற்று என்று கதையைப் பற்றியே கேளுங்கள். நீங்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் பிள்ளை அடுத்த வாரம் எழுதும்.