"ஃபார்மட் செய்யவா?" என்று ரெக்கார்டர் கேட்டால்

போன மாதம் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒருவர் ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். வீட்டு டிவி ரெக்கார்டரோடு நான்கு வருடமாக இருந்த டிஸ்க். அவருடைய அப்பா ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசிய அரை மணி நேரப் பதிவு அதில் இருந்தது. அப்பா இப்போது இல்லை. ஒரு நாள் டிவியைப் போட்டதும், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், தொடரவா?" என்று திரையில் வந்திருக்கிறது. வீட்டில் யாரோ ஓகே அமுக்கிவிட்டார்கள்.

டிஸ்க்கை முழுக்கச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. அவர் கூடவே கொண்டுவந்த கேபிளைச் செருகி, கனெக்டர் பக்கம் விரலால் லேசாக அசைத்தேன். டிஸ்க்கின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கேபிளை மாற்றியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். அந்தப் பதிவை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக அமைப்பது. ரெக்கார்டர் ஃபார்மட் கேட்டால் "வேண்டாம்" அமுக்குங்கள். கடையில் இருந்து வந்த புது டிஸ்க்குக்கும், நேற்றுவரை ஓடி இன்றைக்குப் படிக்க முடியாமல் போன டிஸ்க்குக்கும் பெரும்பாலான ரெக்கார்டர் பெட்டிகளுக்கு வித்தியாசம் தெரியாது. படிக்க முடியவில்லையா, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சரி, கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்போம் என்று தோன்றும். அங்கேயும் இதே ஆபத்து உண்டு. பல ரெக்கார்டர்கள் லினக்ஸ் வகை ஃபைல் சிஸ்டத்திலோ (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) தங்களுக்கே உரிய ஒரு முறையிலோ டிஸ்க்கை அமைத்துக்கொள்கின்றன. விண்டோஸுக்கு அது புரியாது. டிஸ்க் நன்றாக இருந்தாலும் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றுதான் சொல்லும். சில சமயம் "இனிஷியலைஸ்", அதாவது புது டிஸ்க்காக நினைத்து முதலிலிருந்து தயார் செய்யவா என்றும் கேட்கும். இரண்டுக்குமே கேன்சல்தான் பதில்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். என் மேசைக்கு "டிஸ்க் போயிடுச்சு" என்று வருகிறவற்றில் டிஸ்க்கில் கோளாறே இல்லாதவை நிறைய. உள்ளங்கை அளவு போர்ட்டபிள் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, பெட்டியின் யூஎஸ்பி துளையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 விதிப்படி அந்தத் துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. ஆனால் டிஸ்க்குக்குள் நின்றிருக்கும் தட்டு சுற்றி வேகம் எடுக்கிற அந்த ஓரிரு நொடியில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை இழுக்கும். புதிதில் பெட்டி எப்படியோ சமாளித்திருக்கும். வருடங்கள் போகப் போக அதன் அடாப்டர் தளரும், கேபிளும் கனெக்டரும் தேயும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டிஸ்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு பெட்டியை ஆன் செய்யச் சொல்லுங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய அதிர்வோடு சுற்றத் தொடங்கி, வேகம் ஏறி, ஒரே சீராக நிலைக்கும். மின்சாரம் போதாவிட்டால் ஏறுகிற அதிர்வு பாதியில் தளரும், ஒரு "டிக்" கேட்கும், மறுபடி ஏறப் பார்க்கும். இதே டிஸ்க் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் அங்கே கிடைக்கிற மின்சாரம் தாராளம். "கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அப்படியானால் பெட்டிதான் போய்விட்டது" என்று புதுப் பெட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனது கேட்காத விஷயம் இது.

முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். குட்டையாக, தடிமனாக இருப்பது நல்லது. அடுத்து, பெட்டியில் இன்னொரு யூஎஸ்பி துளை இருந்தால் அதில் மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சிறு பெட்டி) வழியாக இணைக்கலாம். சில ரெக்கார்டர்கள் ஹப்பை ஏற்காது. அந்த வீடுகளில் தனி அடாப்டரோடு வரும் பெரிய டிஸ்க்தான் வழி. பெரிய டிஸ்க்கிலும் அடாப்டர் தளரும். மாற்றும்போது வோல்ட்டும் பிளஸ்-மைனஸ் அமைப்பும் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் டிஸ்க் தெரியவில்லை என்றால், டிஸ்க் வேகம் எடுப்பதற்குள் பெட்டி தேடி முடித்துவிடுகிறது. முதலில் டிஸ்க், அரை நிமிடம் கழித்துப் பெட்டி என்று ஆன் செய்தாலே போதும்.

இன்னொரு குறை வேறு மாதிரி. மாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பதிவு செய்தால் ஒழுங்காக இருக்கும். டைமர் வைத்த நள்ளிரவுப் பதிவு மட்டும் தோற்கும், இல்லாவிட்டால் முதல் சில நொடிகள் இருக்காது. பல போர்ட்டபிள் டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும். எழுந்து வேகம் எடுப்பதற்குச் சில நொடிகள் பிடிக்கும், பொறுமை இல்லாத பெட்டி அதற்குள் கைவிட்டுவிடும். டைமரை 5 நிமிடம் முன்னதாக வைத்துப் பாருங்கள். சில டிஸ்க் நிறுவனங்களின் மென்பொருளில் தூக்க நேரத்தை மாற்றவும் முடியும்.

"வேகமான டிஸ்க் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எச்டி ஒளிபரப்பு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் டிஸ்க்கில் எழுதுவது நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபிதான். பழைய டிஸ்க்குக்கே அது ஒரு சுமை இல்லை. பார்க்க வேண்டியது அளவைத்தான். பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 2 டிபிக்கு மேல் கையாளத் தெரியாது. 4 டிபி வாங்கிச் செருகினால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பென் டிரைவும் இந்த வேலைக்கு வேண்டாம். நேரலையை நிறுத்தி மறுபடி பார்க்கிற வசதி ஆனில் இருந்தால், நீங்கள் எதையும் பதிவு செய்யாதபோதும் பெட்டி இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். பென் டிரைவ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இதே காரணத்தால்தான் "இப்போது ஒன்றும் ரெக்கார்ட் ஆகவில்லையே" என்று டிஸ்க்கைப் பிடுங்கவும் கூடாது. மெனுவில் டிஸ்க்கை நீக்கும் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பெட்டியை முழுவதுமாக அணைத்து, டிஸ்க்கில் அதிர்வு நின்ற பிறகு எடுங்கள்.

நிஜமாகவே டிஸ்க் கெட்டுப்போவதும் உண்டு. பதிவை ஓட்டும்போது ஒரே இடத்தில் படம் உறைந்து, பெட்டியே ரிமோட்டுக்குப் பதில் சொல்லாமல் சில நொடி நின்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். படம் கட்டம் கட்டமாகச் சிதறி, ஒலி வெட்டி வெட்டி வந்து, ஆனால் ஓட்டம் நிற்காமல் போனால் அது பெரும்பாலும் பதிவான நேரத்தில் சிக்னல் சரியில்லாததால். சந்தேகம் இருந்தால் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம், ஃபைல் சிஸ்டம் புரியாவிட்டாலும் அது படிக்கும். செக்டார் என்பது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் ஒரு சிறு பகுதி. கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டார்கள், சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு கணக்கும் கூடிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்க வேண்டிய நேரம். நல்ல கேபிளிலும் போதிய மின்சாரத்திலும் டிஸ்க் "டிக் டிக்" என்றே இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் கூடலாம்.

அந்த அப்பாவின் பதிவை ஏன் மீட்க முடியவில்லை என்று சொல்லவில்லை அல்லவா? பல ரெக்கார்டர்கள் பதிவைப் பூட்டித்தான் எழுதுகின்றன. அந்தப் பூட்டுக்கான சாவி பெட்டிக்குள் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து துண்டு துண்டாகத் தரவை எடுத்தாலும் அது வெறும் புரியாத எண்கள்தான். பெட்டி பழுதாகி மாற்றினாலோ, சில மாடல்களில் ஃபேக்டரி ரீசெட் செய்தாலோகூட, டிஸ்க் நன்றாக இருந்தும் பதிவுகள் ஓடாது.

ஆகவே இப்போது டிஸ்க்கோடு யார் வந்தாலும், வேலையைத் தொடும் முன்பு "உங்கள் வீட்டு ஆள் யாராவது இதில் வருகிறார்களா?" என்று கேட்கிறேன். ஆம் என்றால், டிஸ்க் ஓடத் தொடங்கிய அன்றைக்கே அந்தப் பதிவை டிவியில் ஓட்டவிட்டு, அறை விளக்கை அணைத்து, போனை ஆடாமல் நிறுத்தி வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். படம் கொஞ்சம் மங்கும், குரல் தெளிவாகவே இருக்கும். நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் தெரிந்தால் சேனலுக்கும் எழுதிக் கேட்கச் சொல்கிறேன். அப்பாவின் பதிவை இழந்தவரும் அப்படி எழுதியிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார்.