படுத்த பிறகு ஞாபகம் வருபவை

"படுத்தாதான் மேடம் எல்லாம் ஞாபகத்துக்கு வருது." ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ஐ.டி.யில் டீம் லீடாக இருக்கும் ஒருவரும் இதைத்தான் சொன்னார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). படுக்கும் முன் அதையெல்லாம் எழுதிவையுங்கள் என்றேன். போனிலேயே எழுதுகிறேனே என்றார். குறிப்பெழுதப் போனை எடுத்தால் வாட்ஸப் கூப்பிடும், அரை மணி நேரம் போய்விடும். மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதும் என்று சொல்லி அனுப்பினேன். மனசு ஓடுகிற வேகத்துக்குப் பேனா ஓடாது. அந்தத் தாமதம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் எழுதியது ஒரே வரி: "நாளைக்கு வேலை நிறைய." இது பதற்றத்தைப் பிரதி எடுத்த மாதிரி. இரண்டாவது வாரம் கொண்டுவந்த பக்கம் வேறு மாதிரி இருந்தது. "9.30க்குள் கிளையன்ட்டுக்கு மெயில். கேஸ் புக் பண்ணணும். அம்மாவுக்கு சுகர் மாத்திரை மூணு நாளைக்குத்தான் வரும்." அதற்குக் கீழே பென்சிலில், மகளின் கையெழுத்தில்: "சார்ட் பேப்பர் 2."

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்கள் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதினார்கள். பாதிப் பேர் செய்து முடித்ததை, மீதிப் பேர் இனிச் செய்யவேண்டியதை. இரண்டாவது குழுவினர் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ஒரே ஒரு இரவு, சின்ன ஆய்வுதான். ஆனாலும் பேனாவும் பேப்பரும்தானே செலவு, முயன்று பார்க்கலாம்.

மனக்காயங்களை எழுதுவது வேறு கதை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை தினம் 15 நிமிடம் வீதம் 4 நாள் எழுதவைத்தார். வலித்ததை உணர்வோடு எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதனால் எழுதும்போது அழுகை வந்தால் பயப்படாதீர்கள். பிழை திருத்தவும் வேண்டாம். டைரி என்றாலே பலருக்குத் தமிழ் மிஸ் ஞாபகம் வந்துவிடுகிறது!

ஆனால் இழப்பு நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் இதை ஆரம்பிக்காதீர்கள். பத்து நாளாக அதே வரியையே எழுதிக்கொண்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். யாரும் இல்லையா, 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண், கட்டணம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.