கையில் வரி, காற்றில் லாபம்

"தேசிய சாலை சைக்கிளோட்டத்தில் டைம் டிரயல் ஓட்டுகிறவர்களின் சட்டைக் கையில் மட்டும் வரிவரியாக ஏதோ ஓடுகிறது. வழுவழுப்பாக இருந்தால்தானே காற்று வழுக்கிக்கொண்டு போகும்?" என்று கேட்கிறார் பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்.

டைம் டிரயலில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, வழக்கமாக ஒரு நிமிட இடைவெளியில், தனியாகக் கிளம்புவார்கள். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தவிர்க்கக்கூடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியோடு கூடும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம், உடலும் சைக்கிளும் சேர்ந்த இழுவைப் பரப்பு (காற்றில் மோதும் பரப்பை வடிவத்துக்கேற்பக் கூட்டிக்குறைத்த அளவு) 0.23 சதுர மீட்டர், காற்றடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ என்று வைத்துக்கொண்டால் காற்றைத் தள்ளவே சுமார் 258 வாட் போய்விடும். டயர் உருள ஏறக்குறைய 40 வாட், சங்கிலியில் விரயமாவது சில வாட், ஆக மொத்தம் 305. இதே ஆள் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 100 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும்.

சைக்கிளில் ஒரு கிலோ எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கொட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம். சமதரையில் அந்த ஒரு கிலோ மிச்சப்படுத்துவது அரை வாட். இழுவைப் பரப்பில் 0.01 சதுர மீட்டர் குறைந்தாலோ 11 வாட் மிச்சம். 40 கிலோமீட்டர் தூரத்தில் 40 வினாடிக்கு மேல். 1989இல் பாரிஸில் முடிந்த 24.5 கிலோமீட்டர் டைம் டிரயலில், கைகளை முன்னே நீட்டிவைக்கும் கம்பியோடு வந்த கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனிடமிருந்து டூர் டி பிரான்ஸ் பட்டத்தை மொத்தக் கணக்கில் 8 வினாடியில் பறித்துக்கொண்டார்.

இப்போது வரிகளுக்கு வருவோம். தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேல்கை ஏறக்குறைய ஓர் உருளை. அதன் முன்பக்கம் மோதும் காற்று இரு புறமும் பிரிந்து, பக்கவாட்டில் வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பின்பக்கம் போகப் போக அழுத்தம் மறுபடி ஏறுகிறது. தோலை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலத்துக் காற்று ஏற்கெனவே உராய்வில் களைத்துப்போயிருக்கும். கூடும் அழுத்தத்தை எதிர்த்து நகர்வது அதற்குப் பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுவது மாதிரி. பாதியில் நின்றுவிடும். நிற்கும் இடத்தில் ஓட்டம் உருளையை விட்டுக் கழன்று, பின்னால் அகலமான குறைவழுத்தப் பகுதியை உண்டாக்கும். அந்தக் குறைவழுத்தம்தான் கையைப் பின்னோக்கி இழுக்கிறது. தோலில் காற்று தேய்வதால் வரும் இழப்பு அதன் முன் சொற்பம்.

படலம் சீராக, அடுக்கடுக்காக ஓடினால் காற்று நேராக மோதும் முன்கோட்டிலிருந்து சுமார் 80 பாகையிலேயே கழன்றுவிடுகிறது. அதற்கு முன்பே ஒரு மேடோ வரியோ குறுக்கிட்டுப் படலத்தைக் கொந்தளிக்க வைத்தால், வெளியே வேகமாகப் போகும் காற்று உள்ளே கலந்து, களைத்த காற்றைத் தள்ளிவிடுகிறது. காவடி எடுத்தவரின் இரு தோளிலும் உறவுக்காரர்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுவதைப் போல. அது 120 பாகை வரை ஒட்டிக்கொண்டே போகும். பின்னாலுள்ள குறைவழுத்தப் பகுதி சுருங்கும். வழுவழுப்பான உருளைக்கு 1.2 அளவில் இருந்த இழுவைக் கெழு, அதாவது வடிவம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் எண், பாதி வரைகூட இறங்கும். உராய்வு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அது சில்லறைக் கணக்கு.

இதைக் கண்டவர்களில் ஒருவர், கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஐஃபெல். 1912இல் கோளங்களை வைத்து அவர் எடுத்த இழுவை அளவுகள் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வகத்தின் அளவுகளில் பாதிகூட இல்லை. 1914இல் கோட்டிங்கன் ஆய்வகத்தின் லூட்விக் பிராண்டில் ஒரு வழுவழுப்பான கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றினார். கம்பி படலத்தைக் கொந்தளிக்க வைக்க, இழுவை இறங்கியது. ஒரு துண்டுக் கம்பியில் தீர்ந்த சர்ச்சை; அறிவியலில் இதைவிட மலிவான, அழகான சோதனைகள் அதிகம் இல்லை.

வேகம், விட்டம் இரண்டையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் (அதன் பிசுபிசுப்பைக் காட்டும் அளவு) வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். படலம் எப்போது கொந்தளிக்கும் என்பதை அது சொல்லும். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கை 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது ஏறக்குறைய 78,000. வழுவழுப்பான உருளையில் படலம் தானாகக் கொந்தளிக்க 2 முதல் 3 லட்சம் தேவை, அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். மோட்டார் சைக்கிளில்தான் முடியும். சொரசொரப்பு அந்த வாசலைச் சைக்கிளின் வேகத்துக்கு இறக்கித் தருகிறது.

வாசல் எவ்வளவு இறங்கும் என்பது சொரசொரப்பின் உயரத்தைப் பொறுத்தது. பலரும் சறுக்குவது இங்கேதான். வேகமாகப் போகிறவருக்கு நுண்ணிய வரி போதும். அளவுக்கு மீறினால் இழுவை மறுபடி ஏறும். 38 கிலோமீட்டரில் போகிறவருக்குக் கொஞ்சம் தடித்த வரி வேண்டும். 55 கிலோமீட்டரில் பறக்கும் உலகச் சாம்பியனின் ஸ்கின்சூட்டை, உடலோடு ஒட்டும் அந்த முழு உடையை, அப்படியே வாங்கி மாட்டினால், பல சமயம் அழகுதான் மிச்சம். சட்டைக் கை முறுக்கிக்கொண்டு வரிகள் பின்பக்கம் போய்விட்டாலும் பயனில்லை. கழன்ற பிறகு கலக்கி என்ன செய்ய? அக்குளில் மடிப்பு விழுந்தால் லாபம் அங்கேயே போய்விடும். முன்கை காற்றோட்டத்தின் திசையிலேயே நீண்டு கிடப்பதால் அங்கே இந்தக் கதை அவ்வளவாகப் பொருந்தாது. கெண்டைக்கால் பொருந்தும், வரிபோட்ட நீள காலுறைகள் வந்தது அதனால்தான். அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமும் சும்மா இருக்கவில்லை: காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுப்பாதியைத் தாண்டக்கூடாது, துணியின் மேடுபள்ளம் 1 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது.

கோலாலம்பூர் காற்றும் ஓர் உதவி செய்கிறது. 15 பாகை செல்சியஸில் 1.225 இருக்கும் அடர்த்தி நம் 30 பாகை ஈரக்காற்றில் 1.15 அளவுதான். நீராவி மூலக்கூறு நைட்ரஜனைவிட இலேசு என்பதால் ஈரக்காற்றும் இலேசு. வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீத லாபம். ஆனால் 305 வாட் மிதிக்கும் உடல் ஆயிரம் வாட் வெப்பத்தைக் கக்கும். அதை வெளியேற்ற மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். இந்தப் புழுக்கத்தில் பாதி சொட்டித்தான் போகும்.

சட்டையைச் சோதிக்க, காற்றை வீசவைத்து இழுவையை அளக்கும் காற்றுச் சுரங்கம் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், ஜொகூரிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யூடிஎம்) அப்படி ஒரு சுரங்கம் இருக்கிறது. இறக்குமதிச் சைக்கிள் சட்டகத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அத்தகைய ஆய்வுக்கு ஒதுக்கினால் நம் வீரர்களின் வேகத்துக்கேற்ற துணியை இங்கேயே நெய்யலாம் என்பது என் கட்சி. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், பிழிந்த சாற்றைத் துடைத்துவிட்டுக் கிளம்பினால் சரி.

மற்றவர்களுக்குப் புத்ராஜெயாவின் அகன்ற சாலையும், மிதிக்கும் வாட்டை அளக்கும் ஒரு பவர் மீட்டரும் போதும். விடியலில், காற்றில்லா நேரத்தில், ஒரே டயர் அழுத்தத்தோடு ஒரே பாதையில் போய்த் திரும்புங்கள். லாரி ஒன்று கடந்து போனால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். அது இழுத்துவரும் காற்று எல்லா எண்ணையும் கெடுத்துவிடும். முதலில் பழைய சட்டை, பிறகு வரிச் சட்டை, மறுபடி பழையது. பழைய சட்டையின் இரண்டு ஓட்டங்களுக்குள்ளேயே 10 வாட் வித்தியாசம் காட்டினால், வரிச் சட்டை தந்ததாகத் தெரியும் 8 வாட்டை நம்பாதீர்கள். மறுநாள் விடியலில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.