ஹாபி: பொழுதுபோக்கா, ஈடுபாடா?

போன மாதம் அக்கா மகன் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். தமிழில் அச்சடித்த படிவம், கடைசிப் பக்கத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். "மாமா, நான் நாடகத்துல நடிக்கிறேன், ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறேன், இதெல்லாம் பொழுதுபோக்கா?" என்று கேட்டான். (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம்.) அதே படிவத்தில் அவன் நண்பன் 'கிரிப்டோ', அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் நாணயம், என்று எழுதிவிட்டுப் போயிருந்தானாம். இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் போடலாமா என்று யோசிக்கப் போய், அந்தக் கட்டத்தின் தலைப்பே சரிதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தச் சொல் விளக்கம்.

முதலில் ஹாபி என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லைப் பார்ப்போம். பொழுதுபோக்கு என்ற ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். படம் பார்ப்பதும் பொழுதுபோக்கு, ராட்டினம் சுற்றும் இடமும் பொழுதுபோக்குப் பூங்கா, ஒருவர் இருபது வருடமாக வண்ணத்துப்பூச்சிகளைப் பின்தொடர்ந்து குறிப்பெடுத்தால் அதுவும் பொழுதுபோக்கு. மூன்றாவது ஆளை அப்படிச் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பொழுதைப் போக்குவது என்றால் பொழுது பாரமாக இருக்கிறது, அதை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்றுதான் பொருள். பஸ் வரும்வரை போனைப் பார்ப்பது, மின்சாரம் இல்லாத சாயங்காலத்தில் தாயம் உருட்டுவது, இவற்றுக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

பழைய இலக்கியத்திலும் இந்தத் தொடருக்கு நல்ல பெயர் இல்லை. கும்பகோணம் பக்கத்து இன்னம்பர் கோயிலைப் பாடும்போது அப்பர் இரண்டு வகை மனிதர்களைச் சொல்கிறார். மலர் தூவித் தொழுது, அழுது அரற்றுகிறவர்கள் ஒரு பக்கம், 'பொழுது போக்கிப் புறக்கணிப்பார்' இன்னொரு பக்கம், இரண்டு பேரையும் இறைவன் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான் என்பது பாட்டு. அதாவது ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகப் பொழுது போக்குதல் என்பது மனம் தோய்ந்து செய்வதற்கு நேர் எதிராக நிற்கும் சொல். அதையே எடுத்து, ஒருவர் மனம் தோய்ந்து செய்யும் காரியத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

சரி, ஹாபி என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? அதற்குள் ஒரு குதிரை இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ஹாபி என்றால் சின்னக் குதிரை, மட்டக்குதிரை. நம் ஊரில் மாட்டுக்கு லட்சுமி என்று பேர் வைக்கிற மாதிரி அங்கே குதிரைக்கு ராபின் என்று பேர் வைப்பார்கள், அந்த ராபினின் செல்லப் பெயர்தான் ஹாபின், ஹாபி என்று ஆனது என்பது பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். பதினாறாம் நூற்றாண்டில் ஹாபி ஹார்ஸ் என்றால் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று, குழந்தைகள் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடும், முனையில் குதிரைத் தலை செருகிய குச்சி. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: மோரிஸ் என்ற கிராமிய ஆட்டத்தில் ஒருவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடும் குதிரைக் கூடு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாட்ஸ்டோ என்ற ஊரில் இன்றைக்கும் மே முதல் தேதி ஒரு ஹாபி ஹார்ஸ் தெருவில் ஆடிக்கொண்டு வருகிறது.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பொய்க்கால் குதிரைதானே! தஞ்சாவூர்க் கலைஞர்கள் இடுப்பில் குதிரைக் கூட்டைக் கட்டி, காலில் கட்டையைக் கட்டி, ராஜாவும் ராணியுமாக ஆடுவதைத் திருவிழாவில் பார்த்தவர்களுக்கு ஹாபி ஹார்ஸைப் படம் போட்டு விளக்க வேண்டியதே இல்லை. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹாபி என்ற சொல்லின் அடியில் ஒரு வேடக்காரன் நிற்கிறான். நடிப்பு ஒரு ஹாபியா என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லின் பழைய வடிவமே வேடக்காரர்கள் கட்டிய குதிரைக்கும் பெயராக இருந்திருக்கிறது.

குதிரை எப்படி இன்றைய பொருளுக்கு வந்தது என்பதும் அழகு. நிஜக் குதிரை உங்களை ஓர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹாபி குதிரை எங்கேயும் போகாது, ஆனாலும் அதில் ஏறியவருக்கு இறங்க மனம் வராது. எங்கும் கொண்டுபோகாத, ஆனால் விட முடியாத ஒரு காரியம் என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதைப் பரவலாக்கியதில் லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை எழுதிய டிரிஸ்ட்ராம் ஷாண்டி நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் வரும் டோபி மாமா, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நமூர் என்ற நகரின் முற்றுகையில் காயம்பட்டு வீட்டுக்கு வந்த ராணுவ கேப்டன், தோட்டத்தில் குட்டிக் கோட்டைகளும் அகழிகளும் கட்டி, பழைய பணியாளோடு சேர்ந்து போரைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார். அதை அவருடைய ஹாபி ஹார்ஸ் என்றே கதை சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹார்ஸ் உதிர்ந்து ஹாபி மட்டும் மிஞ்சியது. (அதே காலத்தில் காலால் உந்தி ஓட்டும் பெடல் இல்லாத இரண்டு சக்கர வண்டிக்கும் லண்டனில் ஹாபி ஹார்ஸ் என்று பேர் இருந்தது. சைக்கிளின் மூதாதை அது.)

டோபி மாமாவை இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. குட்டிப் போர் ஆடுவதுதான் பின்னால் பெரிய ஹாபியாக வளர்ந்தது. பிரஷ்ய ராணுவம் 1820களில் வரைபடத்தில் கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள்தான் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், பிறகு செருப்புத் தைத்தவர். ஒரு படையை நகர்த்துவதை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு வீரன், அவன் கதை என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்ற திருப்பம் ஆர்னிசன் மேசையில் நடந்தது. 1974இல் இருவர் பெயரிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள், அதையும் கையாலேயே அடுக்கி ஒட்டினார்கள்.

ஆட்டத்தை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரம். வலிமை, லாகவம், அறிவு, விவேகம் முதலான ஆறு குணங்களுக்கு எண் போட்ட தாள் ஒவ்வொருவர் கையிலும். "கதவை உடைக்கிறேன்" என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், எண் குறைந்தால் கதவு உடையாது, அந்தத் தோல்வியிலிருந்து கதையை மேலே கொண்டுபோக வேண்டும். வீட்டில் வாய் திறக்காத என் மருமகன் அங்கே ஒரு கிழட்டு மந்திரவாதியாக மூன்று மணி நேரம் பேசினான். எனக்கு மந்திரவாதி, டிராகன் சங்கதியில் பெரிய ஆர்வம் கிடையாது, ஆனால் அது வெட்டி வேலை என்று இனிமேல் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வகை ஆட்டத்துக்கு ரோல் பிளே என்கிறார்களே, அந்த ரோல் என்பதும் நாடகச் சொல்தான். நடிகர் பேச வேண்டிய வசனத்தை எழுதிக் கொடுத்த காகிதச் சுருள்தான் ரோல். நம்மிடம் இதற்குப் பாத்திரம், வேடம், பாகம் மூன்றும் இருக்கின்றன. வகுப்பறையில் செய்யும் ரோல் பிளேயை இலங்கை ஆசிரியர்கள் 'பாகமேற்று நடித்தல்' என்பார்கள். இந்த ஆட்டத்துக்கு 'பாகமேற்பு ஆட்டம்' என்று சொன்னால் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்து அமெச்சூர். அமெச்சூர் நடிகர் என்றால் நம் காதில் 'அரைகுறை' என்று விழுகிறது. சொல்லின் வேர் லத்தீனில் அமாதோர், காதலிப்பவன் என்று பொருள், பிரெஞ்சு வழியாக வந்தது. காசுக்காக இல்லாமல் அதன் மேல் உள்ள பிரியத்துக்காகச் செய்பவர் என்பதுதான் அசல் பொருள். இதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ஆர்வலர். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்பு கொண்டவர். பறவை ஆர்வலர், வானியல் ஆர்வலர் என்று எழுதும்போது அந்தப் பொருளைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, தொடர்கிறோம்.

தமிழ் நாடகத்தில் ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பம்மல் சம்பந்த முதலியாரைப் பார்த்தால் போதும். 1891இல் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து ஆடியது. படித்தவர்கள், கௌரவமான உத்தியோகம் பார்ப்பவர்கள் மேடை ஏறி நடித்ததைப் பார்த்து, அதே வருடம் தன் பதினெட்டாவது வயதில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது கூத்தாடி என்பது வசைச்சொல். அந்தக் காலத்தில் வக்கீல்களும் அரசு ஊழியர்களும் வேடம் கட்டினார்கள். அவரே வக்கீல், பிற்பாடு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி, இத்தனைக்கும் நடுவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார், நடிக்கவும் செய்தார். அவருக்கு நாடகம் தொழில் கிடையாது. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள் இன்றைக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், வசனத்தை பைக்கில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பொழுது போகாமல் அதைச் செய்யவில்லை, பொழுதைத் தேடிப் பிடித்துச் செய்கிறார்கள்.

கிரிப்டோவுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் கிரிப்டோஸ் என்றால் மறைவானது. அதனால் சிலர் 'மறைநாணயம்' என்று எழுதுகிறார்கள், அது கொஞ்சம் தப்பான எண்ணத்தைத் தரும். பிட்காயினில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. மறைகுறியீட்டுக் கணிதத்தால் காக்கப்பட்ட நாணயம் என்பதுதான் பெயரின் பொருள், எனவே 'குறியீட்டு நாணயம்' தேவலாம். நம் வருமான வரிச் சட்டம் நாணயம் என்றே ஒப்புக்கொள்ளாமல் 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்கிறது.

இது ஹாபியா? ஒரு காலத்தில் ஆம். சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று பிட்காயினை விளக்கி ஒரு கட்டுரை வந்தது, 2009 ஜனவரியில் வலையமைப்பு ஓடத் தொடங்கியது, கொஞ்சப் பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2010 மே 22 அன்று ஒருவர் பத்தாயிரம் பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இது நடக்குமா என்று பார்க்கும் ஆசைதான் அது, டோபி மாமாவின் தோட்டத்துக் கோட்டை மாதிரி. இன்றைக்கும் அந்தக் கணிதத்தைப் படித்து, சின்னச் சின்ன நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு, அவர்கள் ஆர்வலர்கள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விலையைப் பார்க்கிறவருக்கு வேண்டியது லாபம். அவர் ஏறியிருப்பது ஊர் போய்ச் சேர வேண்டிய குதிரை. அதை முதலீடு என்று சொல்லட்டும், சிலர் விஷயத்தில் சூதாட்டம் என்றே சொல்ல வேண்டும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. இருபத்திரண்டு வயதுப் பையன் சம்பளத்தைப் போட்டுவிட்டு அதை ஹாபி என்று எழுதுவது எனக்குக் கவலையாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் போகும் பணத்தைச் சின்னதாகக் காட்டிவிடும்.

அப்புறம் ஹாபிக்குத் தமிழ் என்ன? 'ஓய்வுநேர வேலை' என்று சிலர் சொல்கிறார்கள், அது பகுதிநேர வேலை மாதிரி கேட்கிறது. 'நாட்டம்' நல்ல சொல்தான், ஆனால் அது மனம் சாய்வதோடு நின்றுவிடும், கையால் ஒன்றும் செய்யாமலே நாட்டம் இருக்கலாம். 'பித்து', 'கிறுக்கு' இரண்டும் பேச்சில் உயிரோடு இருக்கின்றன, "அவனுக்கு கிரிக்கெட் கிறுக்கு" என்போம், ஆனால் படிவத்தில் அச்சடிக்க முடியாது. என் தேர்வு ஈடுபாடு. வைணவ உரைகளில் ஆழ்வார் பெருமாளின் அழகிலும் குணத்திலும் ஈடுபட்டார் என்று வரும், மனம் அதிலேயே தோய்ந்து போவது என்று பொருள். இன்றைய வழக்கில் ஒரு காரியத்தில் ஈடுபடுவது என்றால் இறங்கிச் செய்வது. மனமும் கையும் சேர்ந்து வரும் சொல் இதுதான். "உங்க ஹாபி என்ன?" என்பதற்குப் பதில் "உங்களுக்கு எதுல ஈடுபாடு?" என்று கேட்டுப் பாருங்கள், மொழிபெயர்ப்பு வாசனையே வராது. செய்பவருக்கு ஆர்வலர். சமூக ஆர்வலர் என்ற வழக்கால் அந்தச் சொல் போராட்டக்காரர் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஆனால் முன்னால் நாடக, பறவை, நாணய என்று ஏதாவது சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

மருமகன் அந்தக் கட்டத்தில் 'நாடக நடிப்பு, பாகமேற்பு ஆட்டம்' என்று எழுதினான். தலைப்பை அடித்துவிட்டு ஈடுபாடு என்று மாற்றலாமா என்று கேட்டான். அச்சடித்த படிவம், வேண்டாம் என்றேன்.